தூக்குச்சட்டியில் வந்த பிள்ளைச்செடி

பாக்கியம் அக்கா, தானா ராத்தா ஊர் மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்ற செய்தி, திரிங்காப்பிலிருந்து வந்த காய்கறி லோரியோடு வந்தது. நிமோனியா காய்ச்சல். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஊரடங்கு தொடங்குமுன் அடக்கம் முடிந்தாக வேண்டும் என்பதால் அன்று அழக்கூட நேரம் இல்லை. அவரை அறிந்த உங்களுக்காக இப்போது எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் பூந்தோட்டம் அக்காவின் பொறுப்பு. என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். கணவரை இழந்தவர், வேலை இருக்கும்வரைதான் தொழிலாளர் லயத்தில் அவருக்கு அறை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கும் இந்த அவசரகாலத்தில், வேலையிலிருந்து பேர் வெட்டப்பட்ட தனிப்பெண்ணை வேறு தோட்டம் எளிதில் சேர்த்துக்கொள்ளாது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, துரைசானிக்குத் தமிழ் தெரியாது. சனிக்கிழமைகளில் நான் போய் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பேன். எங்கள் பழக்கம் அப்படி வந்ததுதான்.

துரைசானியின் வெள்ளை ஆர்க்கிட் ஒரு மழைமாதத்தில் பூந்தண்டு விட்டது. மொட்டுகளுக்குக் கீழே, அதே தண்டில், இரண்டு இலைகளோடு ஒரு பிள்ளைச்செடியும் முளைத்தது. பூவுக்குச் சேரவேண்டிய சத்தை அது உறிஞ்சிவிடும் என்று சொல்லி வெட்டி எறியச் சொன்னார் துரைசானி. பங்களா அலமாரியில் இருந்த புத்தகம் ஒன்றில் நானும் அப்படித்தான் படித்திருந்தேன். அதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"புஸ்தகம் எழுதினவரு இந்தச் செடியத் தொட்டுப் பாத்தாரா டீச்சர்?" என்றார் அக்கா.

துரைசானி உள்ளே போனதும், தாய்ச்செடியின் நடுக்குருத்தை விரலால் மெல்ல இழுத்தார். அது கையோடு வந்தது. அடி கறுத்து அழுகியிருந்தது.

"தாயி பொழைக்காது. அதான் பூவோட பிள்ளையும் போடுது."

காரணமும் அவருக்குத் தெரியும். துரைசானி தினமும் மாலையில் தம் கையாலேயே செடியின் உச்சியில் தண்ணீர் ஊற்றுவார். மலைக்குளிரில் அந்த நீர் குருத்துக்குள்ளேயே தேங்கி நிற்கும். செடி செத்தால் பழி தோட்டக்காரியின்மேல்தான் விழும். இப்போதே சொல்லிவிடலாம் என்றேன். அக்கா தடுத்தார்.

"இப்ப சொன்னா சாக்கு சொல்றேன்னு ஆயிரும் லா. கையில பிள்ளை இல்லாம தாயோட நோவப் பேசக்கூடாது."

உத்தரவை அவர் மீறவில்லை. வெட்டினார், ஆனால் தண்டில் ஒரு சீவலோடு சேர்த்து வெட்டினார். பிள்ளைச்செடிக்கு வேர் அரிசிமணி அளவுதான் இருந்தது. ஈரப்பாசியில் சுற்றித் தம் அறையில், அடுப்பின் இளஞ்சூடு எட்டும் இடத்தில் வைத்தார். புதுப்பாசி எடுக்கக் காட்டோரம் போக முடியாது, போனால் சுடுவார்கள். லயத்து வடிகால் சுவரில் சுரண்டிக்கொண்டார். வேர் விரல் நீளம் வந்தால்தான் அதற்கென்று ஒரு வாய் வந்ததாகக் கணக்கு என்பார்.

பூக்கள் உதிர்ந்தன. தாய்ச்செடியும் சரிந்தது. சனிக்கிழமை பங்களாவுக்கு வரும்படி அக்காவுக்கு ஆள் வந்தது. பேர் வெட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கணக்கெழுதும் கிராணி முன்பே சொல்லிவிட்டார்.

அன்று காலை அக்கா செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஈரம் காயக்கூடாதென்று பிள்ளைச்செடியைத் தூக்குச்சட்டியில் வைத்து மூடி, லயத்தைச் சுற்றிய முள்வேலியின் வாசலுக்கு வந்துவிட்டார். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச்சேரும் என்று ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே விடாத வாசல் அது. மலாய்க் காவலர் சட்டியைக் காட்டிச் சோறா என்று கேட்டார்.

"நாசி இல்ல லா, எஞ்சே. அனாக் அங்க்ரேக்," என்றார் அக்கா. சோறில்லை ஐயா, ஆர்க்கிட்டின் பிள்ளை.

காவலர் மூடியைத் திறந்து பாசியை விரலால் கிளறினார். பின்னால் நின்ற கொழுந்துக்காரி ஒருத்தி, "குழம்பு எங்கக்கா?" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. காவலரும் சிரித்தபடி போகச்சொல்லிக் கையசைத்தார். நானும் அக்காவின் பின்னாலேயே வாசலைத் தாண்டினேன்.

பங்களாவில், சட்டியைத் துரைசானியின் மேசைமேல் வைத்துத் திறந்தார் அக்கா. மூன்று இலை, விரல் நீளத்தில் இரண்டு வேர். துரைசானி குனிந்து வெகுநேரம் பார்த்தார். இதைப் பிழைக்கவைத்தவளுக்குப் பெரியதை ஏன் காப்பாற்ற முடியவில்லை என்று கேட்டார்.

"இப்ப சொல்லுங்க டீச்சர். ஒரு வார்த்தையும் விட்டுறாதீங்க."

எனக்கு மிருதுவான வழிகள் தெரியும். மழை அதிகம், குளிர் அதிகம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் நீங்கள் குருத்தில் ஊற்றிய தண்ணீரால்தான் செத்தது என்று சொன்னேன். துரைசானியின் முகம் சிவந்தது. பிறகு, அப்படியானால் இதற்கு எப்போது தண்ணீர் விடுவது என்று கேட்டார். காலையில், வேரில் மட்டும், என்றார் அக்கா. பேர் வெட்டுவதைப் பற்றி அன்றும் அதன்பிறகும் யாரும் பேசவில்லை. கடைசிவரை லயத்து அறை அவருடையதாகவே இருந்தது.

அக்காவிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டது அந்த வரிசைமுறையைத்தான். முதலில் மாற்றுவழியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு குற்றத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். போன வாரம் பள்ளிக்கூரை ஒழுகுவதைப் பற்றித் துரையிடம் பேசப் போனபோது தச்சரையும் கூட்டிக்கொண்டு போனேன். யார் கவனிக்காமல் விட்டது என்பதையும் சொன்னேன். இன்று மழை பெய்கிறது. பிள்ளைகள் நனையாமல் படிக்கிறார்கள்.