காற்றுக்கு இடம் விட்டு முடைந்த அக்கா

“முயலுக்கு வீடு கட்டினவளுக்கு நினைவு மலர் அச்சுப் போடுறதாடி? வாங்கிப் பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?” என்று எங்கள் அத்தை கேட்டார். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் படிக்கட்டும் என்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அனுப்பியவர் அக்கா. அவரைப் பற்றி எழுத வீட்டில் வேறு ஆள் இல்லை. இருந்திருந்தாலும் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

அக்கா ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையில் பிறந்தார். மூங்கில் கூடை முடைவது எங்கள் தொழில். பின்னர் அப்பா மலைக்கோட்டை அடிவாரத்தில் கடை போட்டதால் காவிரியைக் கடந்து இக்கரைக்கு வந்தோம். என்னைப் பெற்ற சில நாட்களிலேயே அம்மா காலமானார். காலால் என் தூளியை ஆட்டிக்கொண்டே கையால் மூங்கில் சீவுவாராம் அக்கா. அவரே அப்போது சிறுமி. மணமாகி ஸ்ரீரங்கம் போனபோது என்னையும் உடன் அழைத்துச் சென்றார். அவர் பெற்ற குழந்தைகள் இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

போர் வந்து, அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். அத்தான் பொன்மலை ரயில் பட்டறையில் எடுபிடி வேலை செய்யும் கலாசி. அங்கே ஒரு பங்களாக் குடும்பம் ஊர் மாறிப் போகும்போது ஒரு ஜோடி முயலை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. கடைத்தெருவில் வீசி எறியும் கீரைத்தண்டைத் தின்றே அவை பெருகின. கறிக்கும் ஆகும், பங்களாக்களில் விலைக்கும் கேட்பார்கள். ஏழை வீட்டுக்கு ஏற்ற பிராணி என்று அக்கா கண்டுகொண்டார். ஆனால் எங்களைப் போன்றவர் வீட்டில் மனிதர் படுக்கவே இடமில்லை. வெளியே வைக்கலாமென்றால் பலகைக் கூண்டு கட்டுப்படியாகாது. அப்பா கடையில் மிஞ்சும் கழிவு மூங்கிலைக் கொண்டு அக்கா தாமே கட்டினார். நான்கு கால்கள், எறும்பு ஏறாமலிருக்கக் காலடியில் தண்ணீர்ச் சட்டிகள், இடுப்பு உயரத்தில் தளம், மேலே தென்னங்கீற்று.

முதல் கூண்டையும் சில குட்டிகளையும் கடைக்குப் பின்சந்தில் இருந்த பாத்திமா அம்மாளுக்குக் கொடுத்தார். பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்த கைம்பெண் அவர்.

இடுக்குத் தெரிய முடைவது எங்கள் வீட்டில் அவமானம். அக்காவின் கூடையில் கேழ்வரகு போட்டால் ஒரு மணி சிந்தாது. அதே நேர்த்தியோடு கூண்டின் சுவர்களையும் முடைந்துவிட்டார். வெயில் ஏறினால் கதவைச் சாத்துவது இந்த ஊர் வழக்கமாதலால், பாத்திமா அம்மாளும் பகலில் கூண்டைச் சாக்கால் மூடி வைத்தார். கத்திரி வெயிலில் ஒரே பகலில் அத்தனையும் இறந்துபோயின.

“கூண்டாம்மா கட்டினே? கபருல்ல கட்டியிருக்கே! காத்து நுழைய ஒரு பொட்டு எடமில்லியே!” என்று அவர் அழுதார். புதைகுழி என்ற அந்தச் சொல் அக்காவைத் தூங்கவிடவில்லை. ஆனால் வழி காட்டியதும் அதுதான். அடுத்த கூண்டை அவர் இரண்டு விரல் இடைவெளி விட்டு முடைந்தார். கூரையை இரட்டையாகப் போட்டு நடுவிலும் காற்றோட விட்டார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“என்னாடி, கை நடுங்குதா? இத நம்ம கடை வேலைன்னு வெளிய சொல்லிடாத.”

“காத்துக்கு வழி விடுறேன்ப்பா.”

“பூனைக்கும் சேத்தா?”

“பூனைத் தலை நுழையாது. உங்க மீசை வேணா நுழையும்.”

அப்பா சிரித்துவிட்டார். பாத்திமா அம்மாள் மட்டும் இசையவில்லை. “வேணாம்மா. புள்ளைங்க மறுபடி அழும்” என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தத் தடவை ஒண்ணும் சாகாது. வர்ற கத்திரியில நானே வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன், போதுமா?” என்றார். அதன் பிறகே அவர் குட்டிகளை வாங்கிக்கொண்டார்.

தை மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கையிலும் அவருக்கு அதே நினைவு. “பாத்திமா அக்காகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்டி. எழுந்துருவேன்ல?” என்று கேட்டார். எழுந்துவிடுவீர்கள் என்றுதான் நானும் நம்பினேன். மாசியில் போய்விட்டார்.

கத்திரி வந்தது. அவர் உட்கார வேண்டிய இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். உச்சிவேளையில் பாத்திமா அம்மாள் கூண்டை மூடச் சாக்கைக் கையில் எடுத்துவிட்டார். “மூடாம எப்படிம்மா? நமக்கே தாங்கலியே!” நான் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். முயல்கள் நீட்டிப் படுத்து வேகமாக மூச்சு வாங்கின. வெயில் சாய்ந்தபோது ஒன்று எழுந்து கீரையை இழுத்தது. பிறகு மற்றவையும் எழுந்தன. “அல்ஹம்துலில்லாஹ். உங்கக்கா வாக்கு நின்னுருச்சும்மா” என்று அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

உடனே அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று ஸ்ரீரங்கத்தை நோக்கி விரைந்தேன். காவிரிப் பாலத்தின் பாதியில்தான் நினைவு வந்தது. கீழே ஆறு மணலாய்க் கிடந்தது. மேலே போகவும் இயலாமல், திரும்பவும் இயலாமல் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றேன்.

நோய்க்காலத்தில் தூக்கமின்றிப் பணிவிடை செய்த அத்தான், எங்கள் தெருவுக்கு வரத் தயங்காத வைத்தியர், நோன்பு நாளிலும் கஞ்சி காய்ச்சி ஆற்றைக் கடந்து கொண்டுவந்த பாத்திமா அம்மாள், பாடை முடைய யாரையும் விடாமல் தாமே முடைந்த அப்பா: இவர்களுக்கு நன்றி என்று எழுதினால் அது சிறிய சொல். இருந்தாலும் எழுதுகிறேன்.

வையம்பட்டியிலிருந்து துக்கத்துக்கு வந்த உறவினர் தங்களுக்கும் ஒரு கூண்டு வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். சென்ற வாரம் மூங்கிலோடு ரயிலேறிப் போய், அவர்கள் கொல்லையில் கால் நிறுத்திக் கூரையும் போட்டுவிட்டு வந்தேன். அங்கே ஆற்றுக் காற்று கிடையாது. ஆகவே நிழலாவது கூட விழட்டும் என்று கூரையை இன்னும் ஒரு முழம் நீட்டியிருக்கிறேன். அது சரிதானா என்று அக்காவைக் கேட்க வழியில்லை. நானே முடிவு செய்தேன்.