வலிக்குதா என்று கேட்டால்

என் ஓர்ப்படி மனீஜே பொய்யே சொல்ல மாட்டாள் என்று எங்கள் நார்மக் பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கல்லவா தெரியும், டெஹ்ரானில் அவளைப் போலப் பொய் சொல்ல இன்னொருத்தி இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். பசிக்குதா என்றால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பாள். வலிக்குதா என்றால் இல்லை, உன் தயவு என்பாள். அவள் புருஷன் நாசர், என் வீட்டுக்காரரின் அண்ணன், இருதய அறுவை சிகிச்சைக்குப் போய்த் திரும்பி வராதவர். அவர் நினைவில்லாமல் கிடந்தபோதுகூடப் பார்க்க வந்தவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்து, "இன்னிக்கு நல்லா இருக்கார், நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வந்தீங்க" என்று உபசாரம் பேசியவள் இவள்.

அதன்பின் தனி ஆளாக ஒரு பெண்கள் அழகு நிலையத்தில் நின்றுகொண்டே பிழைத்தாள். முடி வெட்டுவது, சாயம் போடுவது, முகத்துக்கு நூல் இழுப்பது. நின்று நின்று முதுகு போயிற்று. இடது காலில் மின்சாரம் பாய்கிற மாதிரி ஒரு வலி. நான்தான் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்குது," என்றார் டாக்டர். "கத்தி வைக்கிற அளவுக்கு இன்னும் போகல. முதுகு விஷயம் தெரிஞ்ச ஒரு நல்ல யோகா டீச்சராப் பாத்துச் சேருங்க. ஆனா ஒண்ணு. பாதம் மரத்துப் போச்சுன்னா அன்னிக்கே வந்துடணும். தள்ளிப் போட்டா அப்புறம் கால் திரும்பாது."

கத்தி வேண்டாம் என்ற வார்த்தை மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. வெளியே வந்ததும் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

சரி, யோகா. இந்த ஊரில் தெருவுக்கு ஒரு பலகை தொங்குகிறது, யாருக்கு முதுகு தெரியும், யாருக்கு வாய் மட்டும் தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நிலவறை உடற்பயிற்சிக் கூடம். பெண்கள் நேரத்தில் போனோம். ஒரு பெண் காது கிழியும்படி பாட்டைப் போட்டுக் குதிக்கவைத்தாள். குதிப்பது முடிந்ததும் எல்லோரையும் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னாள். அதுதான் யோகாவாம்.

"இனிமே இங்க காலெடுத்து வைக்கக் கூடாது," என்றேன் படியேறும்போது.

"எப்படி வராம இருக்கிறது? என்னை அவங்கம்மா மாதிரி இருக்கேன்னு சொல்லிச்சே அந்தப் பொண்ணு. சனிக்கிழமை வர்றேன்னு வேற சொல்லிட்டேன்."

"சும்மா சொன்னதுதானே?"

"சொன்னது சொன்னதுதான் அஃப்சரு."

தாட்சண்யத்துக்காக அந்தக் குளிர்காலத்தின் தொடக்கம் முழுக்க அங்கே போய்க் குதித்துவிட்டு வந்தாள், வலியும் கூடவே வளர்ந்தது. கடைசியில் நானே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, மனீஜே ஊரைவிட்டே போய்விட்டாள் என்று சொல்லி முடித்துவைத்தேன்.

அடுத்தது ஊரின் வடக்கே, மலையைப் பார்த்த கட்டடத்தில். மரத்தரை, மெழுகுவத்தி, சுவரெல்லாம் வெள்ளை. அங்கே இருந்த அம்மாள் மனீஜேயின் முதுகைத் தொடக்கூட இல்லை. கண்ணை உற்றுப் பார்த்து, "உங்க வலி முதுகுல இல்ல, மன்னிக்காம வெச்சிருக்கிற கோவத்துல இருக்கு" என்றாள்.

"கோவத்தை இவ கண்ணால பாத்ததே இல்லைங்க," என்றேன். "அதெல்லாம் எங்க வீட்டுல என் பங்கு."

மனீஜே என் கையைக் கிள்ளினாள். வாசலில் அந்த அம்மாள் நீங்க முதல்ல என்று சொல்ல, இவள் ஐயோ நீங்க முதல்ல என்று சொல்ல, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றாள் இவள். நான்தான் பின்னாலிருந்து தள்ளினேன்.

மஹ்தீஸ் என்ற யோகா டீச்சர் கிடைத்தது யூசுஃபாபாதில், ஏற்றத்தில் இருக்கும் ஒரு பழைய அடுக்குமாடியில். முப்பது வயசுதான் இருக்கும். சிரிப்பு கொஞ்சம், கேள்வி நிறைய. மனீஜேயை நடக்கவைத்தாள், குதிகாலில் நிற்கவைத்தாள், முதுகெலும்பு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "முன்னாடி குனியிற எதையும் நீங்க செய்யக் கூடாது. மத்தவங்க செஞ்சாலும் செய்யக் கூடாது. எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. எங்க வலிக்குது, எங்க மரக்குதுன்னு நெசமாச் சொல்லுங்க. உங்க காலுக்குள்ள புகுந்து நான் பாக்க முடியாது."

எனக்கு உயிர் வந்தது. தேடியது கிடைத்துவிட்டது என்று அன்று ஏற்றத்தின் அடியிலேயே சூடான பீட்ரூட் வாங்கி நின்றுகொண்டே தின்றோம், உதடெல்லாம் சிவக்க.

உண்மையாகவே குணம் தெரிந்தது. ராத்திரி தூங்கினாள். வகுப்புக்கு நானும் துணைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். தொடங்குமுன் மஹ்தீஸ் ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து கேட்பாள். மனீஜேயின் முறை வரும்போது, "உங்க கை நோகக் கூடாது, எல்லாம் உங்க புண்ணியம்" என்று நன்றிதான் பதிலாக வரும். மஹ்தீஸின் முகம் மலரும். "பாத்தீங்களா மனீஜேம்மாவை" என்று மற்றவர்களுக்குச் சொல்வாள். முதுகுக்கு முட்டுக்கொடுக்க ஒரு மடக்கு நாற்காலி மனீஜேவுக்கென்று வைத்திருப்பாள். இவளோ, பக்கத்தில் யாராவது வயசானவள் வந்தால் போதும், "உங்களுக்கு இல்லாததா" என்று அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறும் தரையில் படுப்பாள். மஹ்தீஸ் அதட்டி நாற்காலியை மீட்டுக் கொடுப்பாள்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்க்கா," என்று நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருவேன். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து நடப்பாள். பாசத்தில்தான் பிடிக்கிறாள் என்று நானும் நினைத்தேன்.

நவ்ரூஸ் வந்து போயிற்று. புத்தாண்டுக்கு வீடு வீடாகப் போனோம், எல்லா இடத்திலும் கால் நீட்டாமல் மடக்கி உட்கார்ந்தாள். அதற்குப்பின் ஒரு காலையில் கடையிலிருந்து காய்கறி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுப் படியேறினோம். மின்தூக்கி இல்லாத நான்காவது மாடி. அவள் முன்னால், நான் பின்னால். இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அவளுடையது, இடது கால் செருப்பு. எடுத்துக்கொண்டு மேலே போனால் அவள் கதவைத் திறந்தபடி வெந்தயக்கீரை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"செருப்பு எங்கக்கா?"

குனிந்து பார்த்தாள். பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். காலைத் தூக்கினாள், காலுறை மட்டும் போட்ட அந்தப் பாதம் முன்பக்கம் துவண்டு தொங்கியது.

"அட, கழண்டுடுச்சு போல," என்றாள்.

காய்கறிப் பையை அங்கேயே போட்டுவிட்டு, கத்திக் கூப்பாடு போட்டு, கீழ்வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அந்த மனிதரிடம், உங்க வேலையைக் கெடுத்துட்டோம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர், நரைத்த தலை. படுக்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். கையில் ஊசி.

"தொடுறப்போ சொல்லுங்கம்மா. இப்போ தெரியுதா?"

"தெரியுது டாக்டர், உங்க கைக்கு நோவு வரக் கூடாது."

"இப்போ?"

"தெரியுது."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கை அந்தக் காலுக்கு ஒரு முழம் மேலேயே நின்றிருந்தது. இன்னும் தொடவே இல்லை.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "கண்ணைத் தொறந்து பாருடி," என்று கத்தினேன். பதினெட்டு வயசில் அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். "யாரைக் குளிர வைக்கிறதுக்கு இந்தப் பேச்சு? மனுஷன் தொடவே இல்ல. எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

கண்ணைத் திறந்தாள். நிறைந்திருந்தது.

"நவ்ரூஸுக்கு முன்னாடியே."

"மஹ்தீஸ் தினம் தினம் கேட்டாளே."

"அந்தப் பொண்ணு எல்லார்கிட்டயும் என்னைக் காட்டிச் சந்தோஷப்பட்டுச்சு. எப்படிச் சொல்றது."

"சரி, அவ வெளி ஆளு. என்கிட்ட?"

"நீ எனக்காக ஊரெல்லாம் அலைஞ்சே அஃப்சரு. கெடைச்சிடுச்சுன்னு அன்னிக்கு உன் முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? அதுவும் வீணாப்போச்சுன்னு உன்கிட்ட சொல்ல மனசு வரல. அப்புறம், சொன்னா இங்கதானே கூட்டிட்டு வருவே."

ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே தட்டில் தின்று, அவள் புருஷன் செத்தபோது அவள் படுக்கையிலேயே படுத்துக்கிடந்தவள் நான். எனக்கும் வாசலில் வந்து நிற்கிற விருந்தாளியின் மரியாதைதான் கிடைத்திருக்கிறது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன, எதைக் காட்டுவதென்று தெரியவில்லை.

டாக்டர் என்னை வெளியே அழைத்தார். "இன்னிக்கே பண்ணணும். முதுகு வலி போயிடும். பாதம் திரும்புறது கஷ்டம்மா. அப்பவே வந்திருந்தா நான் தைரியமாச் சொல்லியிருப்பேன்." இனி அழகு நிலையத்தில் நிற்பாளா என்று கேட்டேன். நின்று செய்கிற வேலையை மறந்துவிடச் சொன்னார்.

உள்ளே போனபோது அவளுக்குப் பச்சை அங்கி போட்டுத் தள்ளுபடுக்கையில் ஏற்றியிருந்தார்கள். எதிரே அறுவைக் கூடத்துக் கதவு, நாசரைக் கொண்டுபோன கதவு மாதிரியே. அவள் கை ஐஸாக இருந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள். "நெசமாச் சொல்லு. கால் வந்துடும்ல?"

வாயைத் திறந்தேன். அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட அவளிடம் நான் எதையும் பூசி மெழுகியதில்லை.

"வராம எங்கக்கா போகும்," என்றேன். "இன்னும் நாலு மாசத்துல நீயே அந்த ஏத்தத்துல எனக்கு முன்னாடி நடப்பே."

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்," என்றாள். ஆள் வந்து படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனான், நான் வெளிப்பக்கம் நின்றேன்.