பச்சிலையும் என் பொல்லாத வாயும்

முருகனடியார்களே, எழுபதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம். என் மனைவி சரசுவுக்குக் காமாலை முற்றிவிட்டது. கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அவள் அண்ணன்மார் இருவரும் வண்டி கட்டி வந்து, ஆனைகட்டிப் பக்கம் தங்கள் வீட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. சின்ன மச்சான் கல்யாணப் பந்தியில், பெரிய மச்சானின் மீசையைத் தேங்காய் நார் என்றவன் நான். பந்தியே சிரித்தது, அவரைத் தவிர.

அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் அதையும் வேடிக்கை என்று நினைத்து நின்று பார்த்தார்.

மலைமேல் இருளர் மருத்துவச்சி ஒருத்தி இருப்பதாகக் கேட்டு ஏறினேன். அவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. எங்கள் காட்டைப் பிடுங்கிவிட்டுப் பச்சிலைக்கு மட்டும் வருகிறீர்களா என்றாள். நியாயம்தான். படுத்திருப்பவள் பெண் என்பதற்காகத்தான் தருகிறேன், மோரில் அரைத்துக் கொடு என்று சொல்லி, பாறையிடுக்கில் செடியைப் பறித்துத் தேக்கிலையில் கட்டினாள். ஒரு கட்டளையும் போட்டாள்: மருந்து நோயாளி வாயில் விழும்வரை கொண்டுபோகிறவன் பேசக்கூடாது. பேசினால் மருந்து செத்துவிடும்.

நான் தூக்கத்திலும் பேசுகிறவன். மனசுக்குள்ளேயே வேண்டினேன்: "முருகா, மொதல்ல என் வாயைக் கட்டு."

பொட்டலத்தோடு மச்சான் வீட்டுக்குப் போனேன். பெரிய மச்சான் வாசலை மறித்தார். சின்னவர் தடியோடு வந்தார். பெரியவர்தான் கேட்டார்:

"ஏனுங் மாப்ள, பொணம் உழுந்தாச்சான்னு பாக்க வந்தீங்களா? இன்னிக்கு என்ன பகடி கொண்டாந்தீங்க?"

நாக்கு நுனியில் அருமையான பதில் ஒன்று வந்து நின்றது. அதைச் சொல்லாமல் விட்டதற்கு இன்றும் வருத்தம் உண்டு. பொட்டலத்தை மட்டும் நீட்டினேன். பெரியவர் கையால் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. தாடை அசையவில்லை. அது என் பலமல்ல, நான் என்னை அறிவேன்.

உள்ளேயிருந்து சரசுவின் குரல் நைந்து வந்தது.

"அடி வாங்கீட்டு அவரு சும்மாவா நிக்கறாரு? அப்ப அது மருந்துதானுங்கண்ணா. உள்ள உடுங்க."

பெரிய மச்சானின் கை தாழ்ந்தது. நானே அரைத்து, நானே ஊற்றினேன். முதல் மடக்கு இறங்கியதும் நான் சொன்ன முதல் சொல் 'முருகா'. இரண்டாவது சொல் மச்சானுக்கு. அதை அச்சில் போட முடியாது.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் அவள் கண்ணில் மஞ்சள் போய் வெளுத்தது. மச்சான் இன்னும் என்னோடு பேசுவதில்லை. கிருத்திகைதோறும் மௌன விரதம் இருக்கிறேன். வீட்டுக்கு அன்றுதான் திருநாள் என்கிறாள் சரசு.

நம்பிக் கேளுங்கள், அன்பர்களே. என் வாயையே அடக்கியவனுக்கு உங்கள் கஷ்டம் ஒரு பொருட்டா?