முப்பது அடித் தெரு

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் இறங்கி நடந்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. எவ்வளவு அகலமான தெரு! இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தாலும் உரசாமல் போகலாம். இவ்வளவு அகலமும் இத்தனை வருடம் எங்கள் வாசல்களுக்கு அடியில்தான் கிடந்திருக்கிறது.

சென்னைக்கு மேற்கே நூம்பல் பக்கம் மனை வாங்கி வந்த எங்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். எனக்கு விருதுநகர்ப் பக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரி பாகங்களை அளந்து பார்த்துப் பாஸ் போடும் வேலையில் இருந்தேன். வீடு கட்டும்போது கொத்தனார் முதல் பால்காரர் வரை எல்லோரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: தரையைத் தூக்கிக் கட்டுங்கள், மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். தூக்கிக் கட்டினோம். அப்புறம் வண்டி எப்படி ஏறும்? கேட்டுக்கு வெளியே தெருவிலேயே சிமெண்டைச் சரித்துவிட்டோம். முதல் வீட்டுக்காரர் சரித்தார். அடுத்தவர் அவரைவிட ஒரு சாண் கூடுதலாகச் சரித்தார். ஒருவர் அதன் ஓரத்தில் செம்பருத்தி வைத்தார், இன்னொருவர் காருக்கு ஷெட்டே போட்டார். இதெல்லாம் ஆக்கிரமிப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆக்கிரமிப்பு என்றால் ஏரிக்கரையில் குடிசை போடுகிறவர்கள் செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்த கனவான்கள் நாங்கள்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு, எங்கள் வீட்டுச் சரிவை மதிலை ஒட்டி நீளமாக்கினேன். சக்கர நாற்காலி இறங்க வேண்டும் அல்லவா? தினமும் காலையில் அவளை அதில் இறக்கி, சரிவின் அடியில் நாற்காலியை நிறுத்துவேன். எதிரே காலி மனை. அதற்கு மேலாக வெயில் நேரே வந்து அவள் மடியில் விழும். கீரைக்காரியிடம் பேரம் பேசுவாள், பள்ளிக்கூட வேனில் ஏறும் பிள்ளைகளின் டை கோணலாக இருந்தால் கூப்பிட்டுச் சொல்வாள். படுக்கைக்குத் திரும்பும்போது பழைய ஆளாக இருப்பாள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு மிச்சமிருந்த உலகம் என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் யாரோடும் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

எதிர்மனை ஊர்க்காரர் ஒருவருடையது. இந்த மனைகளெல்லாம் வயலாக இருந்தபோது உழுத குடும்பம். நல்ல மனிதர். தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகும்போது, "இன்னாக்கா, வெயில் காஞ்சிகினு கீறியா? நாஷ்டா ஆச்சா?" என்று விசாரிக்காமல் போக மாட்டார். அவர் அந்த இடத்தை அடுக்குமாடி கட்ட ஒரு பில்டருக்குக் கூட்டாகக் கொடுக்கப் பேசுகிறார் என்று தெருவில் பேச்சு எழுந்தது. அந்த நேரம் பார்த்து, எங்கள் பகுதிக்கான குடியிருப்பு விதிகளை மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. வெறும் குடியிருப்பாக இருந்த தெருக்கள் கலப்புக் குடியிருப்பு ஆகும், கடைகளும் வரலாம். அகலமான தெருக்களில் கூடுதல் மாடிகள் கட்டலாம். ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம்.

எங்கள் நலச்சங்கம் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடியது. ஐந்து மாடி வந்தால் தண்ணீர் போச்சு, காற்று போச்சு என்று ஆளாளுக்குக் கத்தினோம். வெயில் போச்சு என்று நான் கத்தினேன். சங்கச் செயலாளர் கையமர்த்தினார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மைக்கைக் கண்டால் விடமாட்டார்.

"எதுக்கு சார் டென்ஷன்? அகலமான தெருன்னாதானே கூடுதல் மாடி? நம்ம தெரு அகலமே இல்லையே. இருபது அடிகூடத் தேறாது. அதைச் சொன்னா போதும், முடிஞ்சது கதை" என்றார்.

எல்லோரும் கைதட்டினோம். மைக்ரான் கணக்கில் அளந்தே காலம் தள்ளிய நானும் தட்டினேன். தெரு ஏன் இருபது அடியாக இருக்கிறது என்று அந்த மாடியில் ஒருவருமே கேட்கவில்லை.

ஆட்சேபக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. செயலாளர் மேடையேறி, செல்போனில் எடுத்த படங்களைக் காட்டி, எங்கள் தெருவில் ஒரு ஆட்டோ வந்தால் எதிரே பைக் போக முடியாது என்று உருக்கமாகப் பேசினார். கீழே நாங்கள் ஆமாம் போட்டோம். மேடையில் இருந்த அதிகாரி வயதில் எங்கள் பிள்ளைகளைவிடச் சின்னவள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மனை வரைபடத்தை விரித்தாள்.

"சார், உங்க தெரு அப்ரூவல்ல முப்பது அடி. மீதி பத்து அடி எங்க போச்சு?"

செயலாளர் எங்களைப் பார்த்தார். நாங்கள் காலைப் பார்த்துக்கொண்டோம்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படியே நடந்தது, அதுதான் கொடுமை. அளந்தார்கள், மதில்களில் சிவப்புக் கோடு போட்டார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள். நான் அந்த அதிகாரியைத் தேடிப்போய் மனைவியின் மருத்துவச் சீட்டுகளைக் காட்டிக் கெஞ்சினேன். அந்தப் பெண் எழுந்து நின்று பேசினாள். "எனக்குப் புரியுது சார். உங்களுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். வீட்டுக்குள்ளேயே ராம்ப் போட்டுக்கோங்க" என்றாள். உள்ளே எங்கே போடுவது? வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் நிறுத்தலாம், அவ்வளவுதான். அதில் சரித்தால் செங்குத்தாக நிற்கும். ஒரு திட்டாவது திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

ஜேசிபி வந்த காலையில் மனைவி முன்னறை ஜன்னலை மூடச் சொன்னாள். செம்பருத்தியும் ஷெட்டும் எங்கள் சரிவும் மதியத்துக்குள் செங்கல் குவியலாகிவிட்டன. மாலையில் எதிர்மனைக்காரர் வந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உமக்கு இப்போ சந்தோஷம்தானே?" என்றேன்.

"கோச்சிக்காத சார். ரோடு சின்னதா கீது, வேலைக்கு ஆவாதுன்னு அந்த பில்டர் அப்பவே வோணாம்னு பூட்டான். நானும் வுட்டுட்டேன். நீங்க போய்ப் பேசி ரோடு பெர்சாச்சா, அவனே திரும்பி வந்துகினான். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?"

வராமலே போயிருக்க வேண்டிய கட்டடத்தை நாங்கள் கூட்டம் போட்டு, கைதட்டி, வாசலை இடித்து வழிவிட்டுக் கூப்பிட்டிருக்கிறோம்.

மதிலுக்கு உள்ளே படிகள் கட்டினேன், செங்குத்தான நாலு படிகள். மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பேர் நாற்காலியோடு மனைவியைத் தூக்கி இறக்குகிறார்கள். தூக்குகிறவர்களிடம் "கனமா இருக்கேனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள், பிறகு வீடு திரும்பும்வரை யாரோடும் பேச மாட்டாள். வெளியே உட்காரும் வழக்கம் நின்றுவிட்டது. எதிரே தூண்கள் எழுந்தன, தளம் தளமாக ஏறின, பச்சை வலை கட்டினார்கள். முன்னறைக்கும் இப்போது வெயில் வருவதில்லை. கீரைக்காரி கேட்டில் நின்று குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

போன வாரம் மனைவிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே அந்தப் பச்சை வலையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "என்னங்க, அதுல லிப்ட் வைக்கிறாங்களாமே?" என்றாள்.

"வைப்பாங்க. அஞ்சு மாடி இல்ல?"

"லிப்ட்டுன்னா நாற்காலியோட அப்படியே உள்ள போயிடலாம்ல? இறங்கினா நேரே தெருதான்." என் பக்கம் திரும்பினாள். "நம்ம வீட்டை வித்துட்டு அங்க ஒண்ணு வாங்கிக்கலாங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

மனைவி நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கட்டடத்தை நான் ஒவ்வொரு நாளும் மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்தேன். அவள் அதில் குடியேறிக்கொண்டிருந்திருக்கிறாள். அங்கே ஒரு வீட்டின் விலை எனக்கு முன்பே தெரியும். எங்கள் வீட்டை விற்றாலும் எட்டாது.

"பார்க்கலாம்" என்றேன்.

"கிழக்குப் பக்கமா பாருங்க" என்றாள். "அந்தப் பக்கத்துலதான் வெயில் வரும்."