நெட் இல்லாமல் வந்த படங்கள்

இதை அம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார். ஆனால் நடந்தது நடந்ததுதான். ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை.

ராணிப்பேட்டையில் ஒரு டேனரிக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். தொழிலாளர்கள் செல்போனிலிருந்தே ஆதார், பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அதில் ஏற்றலாம். ஏற்றியதெல்லாம் ஆபீஸ் அறையில் இருக்கும் சர்வரில் சேரும். கேட்கும்போது எடுத்துத் திரையில் காட்டும். இடம் நிரம்பிவிட்டது. ஃபைல்களைப் புதிய டிஸ்க்குக்கு மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். லீவு நாள். தோல் பதனிடும் டிரம்கள் ஓடவில்லை. கேட்டில் வாட்ச்மேன் பஞ்சாட்சரம். பின்பக்கம் பச்சை கம்பூட் போட்டுக்கொண்டு கழிவுநீர்த் தொட்டியைச் சுற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார் முஸம்மில் பாய். வேறு யாருமில்லை.

மாற்றும்போது வெளியிலிருந்து யாரும் எதையும் ஏற்றக் கூடாது. அதனால் சர்வரின் நெட் கேபிளைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன். ஃபைல்கள் காப்பியாக ஆரம்பித்தன.

டிங்...

புது ஃபைல் வந்தால் கேட்கும் சத்தம்.

திரையைப் பார்த்தேன். ஒரு படம் வந்திருந்தது. ஏற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. லாகின் செய்யாமல் ஏற்ற முடியாதபடி எழுதியதே நான்தான். படத்தைத் திறந்தேன். முழுக்கக் கருப்பு. நடுவில் மட்டும் ஒரு வெளிச்ச வட்டம். ஏதோ கோளாறு என்று அழித்தேன்.

டிங்...

அதே கருப்பு. அதே வட்டம். இப்போது அதன் விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

கேபிளைப் பார்த்தேன். மேசைமேல்தான் கிடந்தது.

பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டேன்.

"இன்னாம்மா?"

"இது எந்த இடம்னு தெரியுதாண்ணே?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "நம்ம தொட்டிம்மா. அந்த ஒடஞ்ச ஓரத்தப் பாரு. ஆனா... உள்ளேர்ந்து யாரு எடுத்தது?"

டிங்...

இரும்பு ஏணி. அதில் இறங்கும் ஒரு கால். பச்சை கம்பூட்.

"ஐயோ... முஸம்மிலு!"

ஓடினோம்.

மூடி திறந்து கிடந்தது. அழுகிய முட்டை நாற்றம், விஷவாயு. பாய் ஏணியில் கழுத்துவரை இறங்கியிருந்தார். கண் சொருகியிருந்தது. பிடி நழுவிக்கொண்டிருந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம்.

வரவில்லை.

கீழேயிருந்தும் யாரோ இழுப்பது போல...

பிறகு, சட்டென்று விட்டது.

மறுநாள் தொட்டியைக் காலி செய்து பார்த்தார்கள். உள்ளே ஆளும் இல்லை, போனும் இல்லை. யாரோ ஒரு நல்ல ஆத்மா பாயைக் காப்பாற்றத்தான் அந்தப் படங்களை அனுப்பியது என்று நம்பினேன். சர்ச்சில் அதற்காக ஒரு மெழுகுவத்திகூட ஏற்றினேன்.

இரண்டு நாள் கழித்து, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் பாயைப் பார்த்தேன். குரல் கம்மியிருந்தது.

"தொட்டில இறங்குற வேலையே உங்களுக்கு இல்லையே பாய். ஏன் இறங்குனீங்க?"

"உள்ள ஒர்த்தரு இருந்தாரும்மா. அவருதான் கூப்ட்டாரு."

"யாரு?"

"தெரியல. கையில போன் வச்சிருந்தாரு. படத்துல என் மூஞ்சி சரியா விழலியாம்..."

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கீழ வா பாய்னாரு."