தடுப்பு கேட்ட டீச்சர்

இன்னைக்கு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் கிராமர் சொல்லிக் குடுக்கப் போனேன். மூணும் மூணு மூலையில ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுகள்.

எனக்கு இலங்கை மலைநாட்டு மடுல்சீமை ஞாபகம் வந்துருச்சு.

எழுபதுகளின் கடைசி. நான் அங்க தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஒரே மண்டபத்துல அஞ்சு வகுப்பும் முதுகோட முதுகு ஒட்டி உக்காந்திருக்கும். ஒரு வகுப்பு வாய்ப்பாடு கத்தும், இன்னொண்ணு பாட்டுப் பாடும். நடுவுல பலகைத் தடுப்பு அடிச்சுக் குடுங்கன்னு நான் கெஞ்சாத ஆளில்லை.

கடைசியா கல்வி அதிகாரி ஒருத்தர் பார்க்க வந்தாரு. அஞ்சாம் வகுப்பைப் பார்த்து, "ஷீ ப்ளக்ஸ் டீ. இதையே, அவ கொழுந்து எடுக்கிறதில்லைன்னு இங்கிலிஷ்ல மாத்திச் சொல்லுங்க"ன்னாரு.

பயத்துல எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுதுகள்.

"பாவம், இந்தச் சத்தத்துல எப்படிப் படிக்கும்? தடுப்பு கட்டாயம் வேணும் டீச்சர்."

அவர் சொல்லி முடிக்கல, பின்னால இருந்து ஒரே குரலா வருது: "ஷீ டஸ் நொட் ப்ளக் டீ!"

ரெண்டாம் வகுப்பு! அதுகளுக்கு இங்கிலிஷ் பாடமே கிடையாது. திரும்பிக்கூடப் பார்க்காம, சிலேட்டுல எழுதிக்கிட்டே சொல்லுதுகள். அதிகாரி அதுகள் பக்கம் திரும்பினாரு.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லைங்க சார். டீச்சர் தெனம் அந்தப் பக்கம் கத்துவாங்க. எங்களுக்கும் கேக்கும்."

"தடுப்பு வேணாங்க சார்"னு கும்பிட்டுட்டேன்.

இன்னைக்கு அந்த மூணு ஹெட்செட்டையும் கழட்டி வச்சுட்டு, "சத்தமாப் படிங்க"ன்னேன். பிள்ளைகளோட அம்மா இன்னும் முறைக்கிறாங்க. நான் செஞ்சது தப்புங்களா?