ஒரு காது குறைந்த படம்

பல்லாவரத்து மண்டபத்தை விட்டு வெளியே வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டோரமாகத் தாம்பரம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் போட்டோ கண்காட்சியின் அழைப்பிதழ்கள் இரண்டு. இரண்டிலும் கறுப்பு வெள்ளையில் என் முகம். செக்யூரிட்டி வேலைக்கு மறுநாள் காலையில் இரண்டு போட்டோ கொண்டுவரச் சொல்லியிருந்தார் தாம்பரம் ஏஜென்ட். ஸ்டுடியோவுக்குக் கொடுக்கக் காசில்லை. அழைப்பிதழ் இலவசம்.

படம் எடுத்தது வெள்ளிக்கிழமைச் சந்தையில். பழைய ஃபேன்களை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய கேமராவோடு வந்த ஒருவர், "சிரிக்காதீங்கண்ணா, ப்ளீஸ்" என்றார். அன்று சாப்பிட்டிருக்கவில்லை, சிரமமில்லாமல் செய்து கொடுத்தேன். அப்புறம் டீக்கடைச் சுவரில் அழைப்பிதழைப் பார்த்துத்தான் மண்டபத்துக்குப் போனேன். அவரிடமே ஒரு போட்டோ கேட்கலாம் என்று எண்ணம்.

உள்ளே என் படம் கதவு உயரத்துக்குத் தொங்கியது. பாதி முகம், ஒரு காது, மிச்சம் இருட்டு. அதன் முன்னால் தாடி வைத்த ஓவியர் ஒருவர் கேமராக்காரரை மடக்கியிருந்தார்.

"இதுல உங்க கை எங்க சார் இருக்கு? மெஷின் பாத்துது, மெஷின் எடுத்துது. கையே படலைன்னா எப்படி ஆர்ட்?"

"அந்த இருட்டு நான் தேர்ந்தெடுத்தது சார். அந்த மனுஷனோட வலியே அங்கதான் இருக்கு."

வலி அன்று இடுப்பில் இருந்தது. அதைச் சொல்லாமல், "சார், எனக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுத்துத் தருவீங்களா?" என்றேன்.

"அதெல்லாம் நான் எடுக்கறதில்லண்ணா. அது ஆர்ட் இல்ல."

ஓவியரும் தலையாட்டினார். அன்று இருவரும் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான். வாசல் மேஜையில் அழைப்பிதழ்கள் குவிந்து கிடந்தன. இரண்டை எடுத்துக்கொண்டேன்.

காலையில் ஒரு தையல் கடையில் கத்தரி கேட்டு, முகங்களை வெட்டிக்கொண்டு போனேன். ஏஜென்ட் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா, ஒரு காதுதான் கீது?"

"ஆர்ட் போட்டோ சார்."

"ஆர்ட்ட வூட்ல மாட்டிக்கோ. கம்பெனிக்கு ரெண்டு காதும் வோணும்."

"இருக்கு சார்" என்று தலையைத் திருப்பிக் காட்டினேன். அவர் என் காதை ஒரு தடவை பார்த்தார். ஒயிட்னரை எடுத்து, இரண்டு படத்திலும் அந்த இருட்டில் ஒரு காது வரைந்து, ஊதிக் காயவைத்தார். ஓவியர் தேடிய கை ஒருவழியாகப் பட்டுவிட்டது.

வேலை கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு லேஅவுட்டில். முள்செடியும் எல்லைக் கல்லும்தான் நிலம். முகப்பில் மட்டும் பெரிய பேனர். நீச்சல் குளம், பூங்கா, சிரிக்கும் குடும்பம் எல்லாம் அதில் போட்டோவாக இருந்தன.

"நெலத்த எவனும் தூக்கினு போமாட்டான். பேனரப் பாத்துக்கோ" என்று விசிலைக் கொடுத்தார் ஏஜென்ட்.

நீச்சல் குளத்தின் நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.